கஞ்சா விதையை யாரிடம் வாங்குவது: பெயரைவிடப் பூர்வீகம் முக்கியம்

வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்க அனுமதிக்கும் நாடுகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கூடிவருகின்றன. உருகுவே 2013-ல் சட்டம் கொண்டுவந்து வீட்டுக்கு 6 செடி என்றது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு 4 செடி. மால்டா 2021-லும் லக்சம்பர்க் 2023-லும் அதே 4 செடிக் கணக்கை எடுத்துக்கொண்டன. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒவ்வொருவரும் 3 செடி வளர்க்கலாம். இப்படி எண்ணிக்கையை வரையறுத்து அனுமதிக்கும்போது ஒவ்வொரு விதைக்கும் பொறுப்பு கூடிவிடுகிறது. ஏக்கர் கணக்கில் விதைப்பவருக்குப் பத்து விதை பொய்த்தால் ஒன்றுமில்லை. நாலே செடி வைக்க அனுமதி உள்ளவருக்கு ஒரு விதை சொன்னபடி வராவிட்டால் அந்தப் பருவத்தின் கால் பங்கு போய்விட்டது.

அதனால் "நல்ல விதை எந்தக் கடையில் கிடைக்கும்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைப் பெயர்களைப் பட்டியலிட்டுப் பதில் சொல்பவர்களும் ஏராளம். அந்தப் பட்டியல்களால் வாங்குபவருக்குப் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. காய்கறி விதைக்கும் தானிய விதைக்கும் பின்னால் பரிசோதனைக்கூடம், எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் குவியல் எண், சான்று அட்டை என்று ஒரு முழு ஏற்பாடு நிற்கிறது. கஞ்சா விதை வணிகத்தின் பெரும்பகுதியில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே விதையின் பூர்வீகத்தை யாரால் காட்ட முடிகிறது என்று பார்த்துத்தான் விற்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலை எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால், கடையைத் தேர்ந்தெடுக்கும் வழியும் தானாகப் புரியும்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். விதை வாங்குவது, வைத்திருப்பது, முளைக்கப் போடுவது ஆகிய மூன்றையும் பல நாடுகள் மூன்று தனிச் செயல்களாகப் பார்க்கின்றன. இந்தியாவின் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை வரையறுக்கும்போது, பூக்கும் நுனியோடு சேராத விதையையும் இலையையும் விலக்கி வைக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் செடி வளர்ப்பதற்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "விதையைத்தானே வாங்கினேன்" என்ற பதில் தொட்டியில் செடி நிற்கும்போது எடுபடாது. ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே 2020 ஜனவரி 31 முதல் ஒருவர் 2 செடி, ஒரு வீட்டில் அதிகபட்சம் 4 செடி வளர்க்கலாம். ஆனால் விதையை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் குற்றமாகவே நீடிக்கிறது. கனடாவுக்குள்ளேயே கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடைசெய்திருக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று 2023-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கீழே சொல்லப்போவதெல்லாம் வளர்ப்பை அனுமதிக்கும் இடத்தில் வாழும் வயதுவந்தவர்களுக்கே பொருந்தும். மற்றவர்கள் இதை ஒரு விசித்திரமான வணிகத்தின் கதையாக வாசிக்கலாம்.

சான்று இல்லாமல் வளர்ந்த வணிகம்

1961-ம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையும் கஞ்சா என்பதைச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்றே வரையறுத்தது. போதை தரும் டிஎச்சி, பெண் பூவைச் சுற்றியுள்ள சுரப்பி மயிர்களின் பிசினில் இருக்கிறது. விதைக்குள் அது இல்லை என்றே சொல்லலாம். விதை உடன்படிக்கைக்கு வெளியே நின்றதால் பல நாடுகளில் அதை விற்பது மட்டும் தடைபடவில்லை. பிரிட்டனில் 1971-ம் ஆண்டுச் சட்டத்தின்படி விதை தடைசெய்யப்பட்ட பொருளல்ல. அதை வளர்ப்பதுதான் குற்றம். அங்கே விதைகள் "சேகரிப்புக்கு மட்டும்", "நினைவுப் பொருள்" என்ற வாசகத்தோடு விற்கப்படுகின்றன.

விதையின் தரத்துக்கு இந்த வாசகம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். நினைவுப் பொருளாக விற்கும் ஒருவர் அதன் முளைப்புத்திறனைப் பற்றிப் பேசவே முடியாது. பேசினால் வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். பொட்டலத்தில் முளைப்பு விழுக்காடு இருக்காது, எந்த மாதம் அறுவடையான விதை என்ற குறிப்பு இருக்காது. வாங்கியவரும் "முளைக்கவில்லை" என்று எந்த நுகர்வோர் மன்றத்துக்கும் போக முடியாது. விதை என்ற பொருளுக்கு உயிரே முளைப்புதான். அதைப் பற்றி விற்பவரும் வாங்குபவரும் வாய்திறக்க முடியாத நிலையில் ஒரு சந்தை பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது.

விதையை உருவாக்கியவர்களின் நிலையும் அப்படித்தான். 1970-களில் கலிஃபோர்னியாவில் ஆப்கான், மெக்சிகோ, கொலம்பியா ரகங்களைக் கலந்து ஸ்கங்க் நம்பர் 1 என்ற ரகம் உருவாக்கப்பட்டது. 1980-களில் அந்த விதைகள் நெதர்லாந்துக்குப் போயின. அங்கிருந்து நெவில் ஷூன்மேக்கர்ஸ் என்பவர் அமெரிக்காவின் ஹை டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தபாலில் விதை விற்றார். 1989 அக்டோபரில் அமெரிக்கப் போதைத் தடுப்பு முகமை "கிரீன் மர்ச்சன்ட்" என்ற பெயரில் நாடெங்கும் சோதனைகள் நடத்தியது. அதன் தொடர்ச்சியாக அவர் 1990-ல் ஆஸ்திரேலியாவில் கைதானார். கனடாவின் மார்க் எமரி விதை விற்றதற்காக 2005-ல் கைதாகி, பின்னர் அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டு, 2010-ல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். இத்தகைய சூழலில் எந்தச் செடியை எதனோடு சேர்த்தேன், எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தேன் என்று யார் நோட்டுப் போட்டு எழுதி வைப்பார்கள்? அந்த நோட்டு நாளை நீதிமன்றத்தில் சாட்சியமாகிவிடும். ஆகவே ரகங்களின் பூர்வீகம் வாய்வழிச் செய்தியாகவே பரவியது. இன்றைய விற்பனைப் பக்கங்களில் காணும் வம்சாவளி வரைபடங்களில் பலவற்றுக்கு அடித்தளம் அந்த வாய்வழிச் செய்திதான்.

இதோடு ஒப்பிட ஒரு நல்ல எடுத்துக்காட்டு அதே செடியிலேயே இருக்கிறது. நாருக்கும் எண்ணெய்க்கும் பயிரிடும், போதை தராத ஹெம்ப் ரகங்களும் கன்னாபிஸ் சாட்டிவா என்ற அதே தாவர இனம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த விதையைச் சான்றோடுதான் விற்க முடியும். குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 விழுக்காடு, புறத்தூய்மை 98 விழுக்காடு என்று விதி இருக்கிறது. ரகத்தின் பெயர் பொதுப் பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். உழவர் வாங்கும் மூட்டைக்கு இவ்வளவு காவல். பக்கத்துக் கடையில் பல மடங்கு விலைக்கு ஐந்து விதை வாங்கும் வீட்டு வளர்ப்பாளருக்கு இதில் ஒன்றுமில்லை.

விதை வேறு, தாய்ச்செடி வேறு

விற்பவரை எடைபோட ஒரே ஒரு அறிவியல் விஷயம் தெரிந்திருந்தால் போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தம் காற்றில் போய் அடுத்த செடியில் சேரும். இயல்பிலேயே அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரு தாய்ச்செடியில் விளைந்த நூறு விதைகளும் ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் போல. சாயல் இருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் வேறு. ஒன்று உயரமாக நிற்கும், ஒன்று குட்டையாகப் படரும், ஒன்று இரண்டு வாரம் முன்னதாகப் பூக்கும். தாயின் அச்சு அசலான நகல் வேண்டுமானால் தண்டை வெட்டி வேர்பிடிக்க வைக்க வேண்டும். விதையால் அது நடக்காது.

பெயர்பெற்ற ரகங்களில் பல இப்படித் தண்டுத்துண்டு மூலமாக மட்டும் கைமாறியவை. ஒரே ஒரு சிறந்த செடி, அதன் நகல்கள், அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பொட்டலத்தில் அச்சடித்து விதையாக விற்கும்போது உள்ளே இருப்பது அந்தச் செடி அல்ல, அதன் பிள்ளை. நேர்மையான விதை உருவாக்குநர் இதைத் தெளிவாகச் சொல்வார். அந்தச் செடியைத் தன்னோடு தானே சேர்த்த விதையா, வேறொரு ஆணோடு சேர்த்த விதையா, எத்தனை தலைமுறை கடந்தது, அதில் எந்த அளவுக்குச் சாயல் மாறுகிறது என்று எழுதியிருப்பார். பெயரையும் பூவின் பளபளப்பான படத்தையும் மட்டும் போட்டு நிறுத்துபவரிடம் அந்த விவரம் இருக்காது. படத்தில் இருப்பது பெரும்பாலும் தாய்ச்செடி. நீங்கள் வாங்கப்போவது இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை.

"எஃப்1" என்ற முத்திரைக்கும் இதே விளக்கம் பொருந்தும். காய்கறி விதைத் துறையில் எஃப்1 என்றால் பல தலைமுறை தன் மகரந்தச் சேர்க்கை செய்து நிலைப்படுத்திய இரண்டு பெற்றோர் வரிசைகளை இணைத்த முதல் தலைமுறை. அப்படிச் செய்தால்தான் செடிகள் ஒரே சீராக வரும். கஞ்சாவில், ஏற்கெனவே பல கலப்புகளால் உண்டான இரண்டு செடிகளைச் சேர்த்ததையும் எஃப்1 என்றே பலர் எழுதுகிறார்கள். அந்த விதைகள் ஆளுக்கொரு விதமாகத்தான் வரும். பெற்றோர் இரண்டும் நிலைப்படுத்தப்பட்ட வரிசைகளா என்று கேட்டால் விற்பவரின் ஆழம் தெரிந்துவிடும்.

அடுத்து ஃபெமினைஸ்டு விதை, அதாவது பெண் செடியாகவே வரும்படி உண்டாக்கிய விதை. சாதாரண விதையில் ஏறத்தாழ பாதி ஆணாக வரும். நாலு விதை போட்டால் நாலும் ஆணாகிவிட 16-ல் 1 வாய்ப்பு. நாலும் பெண்ணாக வரவும் அதே 16-ல் 1 வாய்ப்புத்தான். எண்ணிக்கை வரம்புள்ள வீட்டு வளர்ப்பாளர்கள் ஃபெமினைஸ்டு விதையை நாடுவதற்கு இதுவே காரணம். பெண் செடியில் எத்திலீன் என்ற தாவர வளரூக்கியின் வேலையை வெள்ளிச் சேர்மங்களால் தடுத்தால் அது ஆண் பூவை உண்டாக்கும். அந்த மகரந்தத்தில் பெண் குரோமோசோம் மட்டுமே இருப்பதால், அதில் விளையும் விதைகள் ஏறக்குறைய அனைத்தும் பெண்ணாகவே வரும். 1990-களின் பிற்பகுதியில் இது வணிகமாயிற்று. செய்முறை ஒன்றுதான் என்றாலும் செய்பவரைப் பொறுத்துத் தரம் மாறும். வறட்சியாலோ வெளிச்சக் குழப்பத்தாலோ தானாகவே ஆண் பூ வைத்துவிடும் பலவீனமான தாயைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் போகும். வீட்டில் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செடி பூக்கும் ஐந்தாவது ஆறாவது வாரத்தில் திடீரென்று மஞ்சள் நிற ஆண் உறுப்புகளை நீட்டும். அறை முழுதும் மகரந்தம் பரவி எல்லாச் செடிகளிலும் விதை பிடித்துவிடும். தாய்ச்செடியை நெருக்கடிக்கு உள்ளாக்கிச் சோதித்துப் பார்த்தீர்களா என்பது எந்த விதை உருவாக்குநரிடமும் கேட்கத் தகுந்த கேள்வி.

ஆட்டோஃப்ளவர் ரகங்கள் இருட்டு நேரத்தின் நீளத்தைப் பார்க்காமல் வயதைக் கணக்கிட்டுப் பூப்பவை. 1924-ல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி ருடெராலிஸ் என்று பெயரிட்ட காட்டு வகையிலிருந்து வந்த குணம் இது. இது ஒடுங்கு பண்பு. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அவசரமாகக் கலந்து விற்கும் விதைகளில் சில செடிகள் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவது இதனால்தான். பொட்டலத்தில் "ஆட்டோ" என்று இருந்தும் சில செடிகள் அப்படி வரவில்லை என்று பலர் சொல்லும் ஒரு கடையைத் தவிர்ப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

பெயர்களை மரபணுவோடு வைத்துப் பார்த்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன. 2015-ல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு 81 கஞ்சா மாதிரிகளையும் 43 ஹெம்ப் மாதிரிகளையும் ஒப்பிட்டது. சில மாதிரிகள் தம் பெயர் கொண்ட மற்றொன்றைவிட வேறு பெயர் கொண்டவற்றோடு நெருக்கமாக இருந்தன. 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வில் கொலராடோ, கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களின் கடைகளில் வாங்கிய 30 பெயர்களைச் சேர்ந்த 122 மாதிரிகளைச் சோதித்தார்கள். 27 பெயர்களில் குறைந்தது ஒரு மாதிரியாவது தன் கூட்டத்தோடு பொருந்தவில்லை. அதுவும் உரிமம் பெற்ற கடைகளில். பெயர்கள் வணிகக் காரணத்துக்காகவும் மாறுகின்றன: கொரில்லா க்ளூ என்ற ரகத்தின் உரிமையாளர்கள்மீது அதே பெயருள்ள பசைத் தயாரிப்பு நிறுவனம் 2017-ல் வழக்குப் போட, ரகம் ஜிஜி4 ஆயிற்று. பழைய பெயரில் இன்னும் விற்பவர் எந்த விதையை விற்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

பொட்டலத்தில் போடும் டிஎச்சி விழுக்காட்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கொலராடோவில் விற்பனைக்கு இருந்த பூக்களைச் சோதித்து 2023-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காடு மாதிரிகள் முத்திரையில் போட்ட அளவைவிட 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைவாக இருந்தன. காய்ந்த பூவிலேயே இப்படி என்றால், இன்னும் முளைக்காத விதைக்கு "30 விழுக்காடு" என்று ஒற்றை எண் போடுவதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. வெளிச்சம், உரம், அறுவடை நேரம் எல்லாம் அந்த எண்ணை மாற்றும். ஒரு வரம்பைச் சொல்லி, எந்தக் கூடத்தில் எத்தனை செடிகளைச் சோதித்தோம் என்றும் சொல்பவர் மதிக்கத்தக்கவர்.

விற்பவர்கள் எத்தனை வகை

உரிமம் பெற்ற வழி இருக்கும் நாட்டில் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. கனடாவில் மத்திய அரசின் உரிமம் பெற்றவர் உற்பத்தி செய்த விதை மாகாணத்தின் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கு வருகிறது. சட்டம் விதையைக்கூடக் கணக்கில் வைத்திருக்கிறது: ஒரு விதை ஒரு கிராம் காய்ந்த கஞ்சாவுக்குச் சமம், பொது இடத்தில் 30 கிராம் வரம்பு, ஆக 30 விதை. குவியல் எண் இருக்கும், குறை வந்தால் திருப்பி அழைக்கும் ஏற்பாடும் இருக்கும். ரகங்களின் எண்ணிக்கை குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். முதன்முறை வளர்ப்பவருக்கு நூறு ரகம் தேவையில்லை, பூர்வீகம் தெரிந்த ஒன்று போதும். ஜெர்மனியில் வளர்ப்போர் சங்கங்கள் மாதத்துக்கு ஒருவருக்கு 7 விதை அல்லது 5 தண்டுத்துண்டு வரை கொடுக்கலாம். சொந்த வளர்ப்புக்காக மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து விதை தருவிக்கவும் சட்டம் இடம் தருகிறது. சங்கத்தில் ஒரு பெரிய வசதி, விதையைக் கொடுத்தவர்களே அதே ரகத்தை வளர்த்துப் பார்த்தவர்கள். அவர்களை மறுமுறையும் நேரில் பார்த்துக் கேட்கலாம்.

அடுத்தது விதை உருவாக்குநரிடமே நேரடியாக வாங்குவது. தாய்ச்செடி அவர் கையில் இருக்கிறது, கேள்விக்குப் பதில் சொல்ல அவரால் முடியும். சிறிய உருவாக்குநர்களிடம் சோதனைக்கூட வசதி குறைவாக இருக்கலாம். ஆனால் தன் பெயரைப் பணயம் வைத்து விற்பவர் என்ற பொறுப்பு இருக்கும்.

"விதை வங்கி" என்று அழைத்துக்கொள்ளும் பெரிய இணையக் கடைகள் பல உருவாக்குநர்களின் பொட்டலங்களை வாங்கி விற்பவை. உருவாக்குநரே ஒட்டிய முத்திரையோடு பொட்டலம் வருகிறதா, கடைக்காரர் மொத்தமாக வாங்கிப் பிரித்து நிரப்புகிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரித்து நிரப்பும் இடத்தில் கலப்படம் நேரக் கெட்ட எண்ணம் தேவையில்லை, கவனக்குறைவே போதும். விதையைக் கண்ணால் பார்த்து ரகம் சொல்ல யாராலும் முடியாது. மொத்த உற்பத்தியாளர்களிடம் கிலோக்கணக்கில் வாங்கித் தம் பெயரை ஒட்டி விற்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த விதை மோசமாகத்தான் இருக்கும் என்பதில்லை; ஆனால் மூன்று கடைகளில் மூன்று பெயரில் ஒரே விதையை நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

அமெரிக்காவில் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2018-ம் ஆண்டின் வேளாண் சட்டம் டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத எதையும் ஹெம்ப் என்றது. விதையில் டிஎச்சி இல்லாததால் அதுவும் ஹெம்ப் ஆகும் என்று போதைத் தடுப்பு முகமை 2022 ஜனவரியில் ஒரு கடிதத்தில் விளக்கியது. அதன்பின் விதைகள் மாநில எல்லைகளைத் தாண்டித் தாராளமாகத் தபாலில் போயின. 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டமோ விதையை அது பிறந்த செடியின் டிஎச்சி அளவைக் கொண்டு பார்க்கிறது. ஓராண்டு கழித்து அமலுக்கு வரும்படி அது எழுதப்பட்டது. பழைய கட்டுரைகளை நம்பி "தபாலில் வாங்குவது அங்கே சட்டப்படி சரி" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த நாட்டிலானாலும், பொட்டலத்தை ஒளித்து அனுப்புவதைத் தன் பெருமையாக விளம்பரம் செய்யும் கடை உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறது: சட்டச் சிக்கல் வந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும். பரிசு அட்டை எண், திரும்பப் பெற முடியாத பணமாற்றம் ஆகியவற்றை மட்டுமே கேட்கும் கடையும் அப்படியே. புகழ்பெற்ற கடைகளின் பக்கத்தை அச்சாக நகலெடுத்து, முகவரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஏமாற்றுவதும் இந்தத் துறையில் சாதாரணம்.

தேடிப் பார்த்தால் முதலில் வருபவை "சிறந்த பத்து விதைக் கடைகள்" வகைக் கட்டுரைகள். அவற்றில் பல, சொடுக்கி வாங்கும் ஒவ்வொருவருக்கும் கடையிடமிருந்து தரகு பெறுபவை. அதைச் சிறிய எழுத்தில் அடியில் போட்டிருப்பார்கள். தரகு வாங்குவது குற்றமல்ல; ஆனால் பட்டியலில் ஒன்றாம் இடம் தரத்தால் வந்ததா தரகால் வந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. நான் அவற்றுக்கு எடை கொடுப்பதில்லை. ஒரே ரகத்தை முளையிலிருந்து அறுவடை வரை வாராவாரம் படத்தோடு பதிவு செய்த சாதாரண வளர்ப்பாளர்களின் குறிப்புகளுக்குத்தான் எடை கொடுக்கிறேன். அவற்றில் செடியின் உயரமும் பூவின் நிறமும் எவ்வளவு மாறுபடுகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

வாங்குமுன் ஒரு சிறிய சோதனை செய்யலாம். கடைக்கு ஒரு மின்னஞ்சல்: இந்தக் குவியல் எந்த ஆண்டு, எந்த மாதம் அறுவடையானது? பெற்றோர் யார்? கடைசியாக எத்தனை விதை போட்டு முளைப்புப் பார்த்தீர்கள்? கிடங்கில் எந்த வெப்பநிலையில் வைத்திருக்கிறீர்கள்? முறையான விதைச் சோதனையில் 400 விதை போட்டுப் பார்ப்பது உலக வழக்கம். ஒரு சிறு உருவாக்குநர் 50 போட்டுப் பார்த்தோம் என்றால்கூட அது நல்ல பதில்தான். "எங்கள் விதை எல்லாம் முதல்தரம்" என்று மட்டும் பதில் வந்தால் உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

"முளைப்பு உத்தரவாதம்" என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பணத்தைத் திருப்பித் தருவதல்ல, மாற்று விதை தருவது. அதுவும் அவர்கள் சொன்ன முறையில் முளைக்கப் போட்டிருந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் படம் அனுப்பினால். நிபந்தனைகளை வாங்கும் முன்பே வாசித்துவிடுங்கள். அதே நேரம் கடைக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. 90 விழுக்காடு முளைப்புத்திறன் உள்ள நல்ல குவியலிலிருந்து ஐந்து விதை எடுத்தால், ஒன்றாவது முளைக்காமல் போக 41 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஐந்தில் ஒன்று பொய்த்ததும் கடையைத் திட்டி எழுதும் விமர்சனங்களுக்கும், ஐந்தும் முளைத்ததும் ஆகா என்று எழுதும் விமர்சனங்களுக்கும் ஒரே அளவு மதிப்புதான். ஐந்தில் மூன்று பொய்த்ததாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலர் ஒரே பருவத்தில் எழுதினால்தான் அந்தக் குவியலைச் சந்தேகிக்க வேண்டும்.

நோயையும் கேட்க வேண்டும். ஹாப் லேட்டன்ட் விராய்டு என்ற நுண்கிருமி கலிஃபோர்னியாவின் கஞ்சாத் தோட்டங்களில் இருப்பது 2019-ல் உறுதியானது; செடி குன்றி, பூ சிறுத்து, பிசின் குறைந்துபோகும். தண்டுத்துண்டு வழியாகவும் கத்தரிக்கோல் வழியாகவும் அது எளிதில் பரவும். விதை வழியாகவும் ஓரளவு கடத்தப்படுகிறது. தாய்ச்செடிகளை இதற்காகச் சோதித்த உருவாக்குநர் அதைத் தன் விற்பனைப் பக்கத்தில் மறைக்காமல் போடுவார்.

பொட்டலம் கைக்கு வந்தபின் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். முற்றிய விதை கெட்டியாக இருக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மிதமாக அழுத்தினால் நொறுங்காது. வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்து, அழுத்தியதும் ஓடு உடைந்தால் முற்றுமுன் பறித்த விதை. மேலே தெரியும் புலிவரி போன்ற கோடுகள் விதையை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் நிறம். தேய்த்தால் சிலவற்றில் உதிர்ந்துவிடும். கோடு இருப்பதால் ரகம் உயர்ந்தது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். உடைந்த ஓடு, பூஞ்சை வாடை, பொட்டலத்துக்குள் ஈரம் இருந்தால் முளைக்கப் போடுமுன்னே படமெடுத்துக் கடைக்கு எழுதிவிடுங்கள். முளைத்தபின் எழுதினால் பேச்சு வேறு பக்கம் போகும்.

அந்த ஆண்டே எல்லா விதையையும் போடப் போவதில்லை என்றால் சேமிப்பு கடையைப்போலவே முக்கியம். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தாலோ, சேமிக்கும் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலோ ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று விதை அறிவியலில் ஹாரிங்டன் வகுத்த ஒரு கணக்கு உண்டு. அறை வெப்பத்தில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் விதை இரண்டு மூன்று ஆண்டிலேயே சோர்ந்துபோகும். காற்றுப் புகாத சிறு கண்ணாடிக் குப்பியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு, குளிர்பதனப் பெட்டியின் பின்பகுதியில் வைத்தால் நெடுநாள் நிற்கும். குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய பெட்டிக்குள் அந்தக் குப்பியை வைப்பது நல்லது. குப்பியை வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் படியும். குவியல் எண், வாங்கிய தேதி, கடையின் பதில் மின்னஞ்சல் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குப்பியோடு வைத்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் அதே விதையை மறுபடி வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தத் தாள் வேண்டியிருக்கும்.